உள்ளங்கையளவு

இது பதினாலா பதினைந்தா, போச்சு, மறுபடியும் கோட்டைவிட்டாச்சு. கீழே எங்கள் மெஸ்ஸில் யாரோ பார்சல் ரெண்டு என்று கத்தியதில் எண்ணிக்கை கலைந்துவிட்டது. சந்தேகம் வந்தால் சின்ன எண்ணையே எடுத்துக்கொள்வது என்று நானே எனக்குப் போட்ட சட்டம், அதனால் பதினாலு. யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்றை விழுங்கிவிட்டேன் என்று இருக்கக் கூடாது. மொட்டை மாடியில் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து சுண்ணாம்பால் போட்டுக்கொடுத்த எட்டு இது. தெற்கு வடக்காகப் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், போனில் திசை பார்த்துக்கொண்டு மனுசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து கிடந்தார். மேல் வட்டம் கொஞ்சம் சப்பையாகப் போய்விட்டது. இரண்டும் சேருகிற இடம் மட்டும் ஒடுங்கி அழகாக வந்திருக்கிறது. இந்த எட்டுக்கு இருக்கிற இடுப்புகூட எனக்கு இல்லை. சிரிப்பு வருகிறது, சிரித்தால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் நல்லதுதான், பேச முடிகிற அளவுக்கு நடந்தால் போதாது, பேச்சு திணற வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்கு சொல்கிற பெண். என் மகள் வயதுகூட இருக்காது. யாரோடு பேசிப் பார்ப்பது, தண்ணித் தொட்டியோடா. சுலோச்சனா, சுலோச்சனா என்று என் பெயரையே சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் வருகிறது, திணறவில்லை, அப்படியானால் இன்னும் வேகமாக நடக்க வேண்டும். நாளைக்குக் காலையில் கோயமுத்தூரில் ஸ்கேன். என் ஈரலில் இருக்கிற கொழுப்பு டாக்டர் சொன்ன அளவுக்குள் இறங்கியிருந்தால் அதில் ஒரு பங்கை வெட்டி எடுத்து என் தம்பி லோகநாதனுக்கு வைப்பார்கள். இறங்காவிட்டால் வைக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம், அதற்குத்தான் இந்த எட்டு.

பெருந்துறையில் இருக்கிற தம்பிக்கு ஈரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் இங்கே பவானியில் பாதிப் பேர் குடிச்சிருப்பான் என்றார்கள். அவன் வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை. ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொல்ல முடியுமா. குடிக்காமலே ஈரலில் கொழுப்பு ஏறி, காய்ந்து, கெட்டியாகிப் போகுமாம். அவனுக்கு ஏறியது மாதிரியே எனக்கும் ஏறியிருக்கிறது, ஒரே வயிற்றில் பிறந்தது இதில்தானா தெரிய வேண்டும். கோமதிக்கு, அதுதான் அவன் சம்சாரத்துக்கு, ரத்தம் சேரவில்லை. பையன் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். மிச்சம் நான்தான். முதல் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், அம்மா உங்க ஈரலையே நாங்க வைத்தியம் பார்க்கணும் போலிருக்கே என்று சிரித்தார், எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. இளைத்துவிட்டு வாங்க, கொழுப்பு கரையக்கூடியதுதான், சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் சீக்கிரமே இறங்கும் என்றார். இறங்கத்தான் செய்தது, முதல் தடவை கொஞ்சம். அப்புறம் நின்றுவிட்டது. மெஷினில் ஏறினால் முள் அதே இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போகிறதைவிட வெளியே போகிறது கூடுதலாக இருக்கணும் ஆன்ட்டி, வேற ரகசியமே கிடையாது என்று அந்தப் பெண் ஒரு வடைக்கு எவ்வளவு நடை, ஒரு கரண்டி எண்ணெய்க்கு எவ்வளவு நடை என்று சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து எனக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது. எதைப் பார்த்தாலும் தூரமாகத்தான் தெரிகிறது. முறுக்கு என்றால் கூடுதுறை வரை போய் வர வேண்டும். மைசூர்பாகு என்றால் பாலம் தாண்டிக் குமாரபாளையத்துக்குள் போய்விடுகிறேன். யார் வீட்டுக் கல்யாணத்திலாவது முழு இலை சாப்பாடு சாப்பிட்டேன் என்றால் ஈரோட்டுக்கே நடக்க வேண்டியதுதான். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, காய், கொள்ளு ரசம், ராத்திரி எண்ணெய் இல்லாத இரண்டு சப்பாத்தி. சர்க்கரையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேற எதுவும் எடுத்துக்கறது இல்லையே ஆன்ட்டி, டீக்கு பிஸ்கட் மாதிரி, என்று கேட்டபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருடி மாதிரியா தெரிகிறேன் நான்.

திரும்பு, இங்கே வளைவு. கால் கட்டைவிரலில் வலிக்கிறது, வலித்தால் வலிக்கட்டும். வலிக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், வெட்டின பிறகு எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இங்கிருந்து இங்கே வரை என்று டாக்டர் தன் சட்டை மேலேயே விரலால் கோடு போட்டுக் காண்பித்தார். ஈரல் வளர்ந்துவிடுமாம், வெட்ட வெட்ட வளருமாம், உடம்பில் அது ஒன்றுதான் அப்படியாம். என் கொழுப்பும் அப்படித்தான் வளர்கிறது டாக்டர் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மெஸ்ஸில் ஈரல் வறுவல் போடுவதை நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்களிடம் ஆடு சரியில்லை என்று நாச்சிமுத்து சமாளிக்கிறார். அவர் இந்த விசயத்தில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை, சுண்ணாம்பை வாங்கிவந்து எட்டுப் போட்டார். ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்க்கிறார். இந்தக் கையை நான் எங்கே கொண்டு போய் வைப்பது. லோகுவுக்குக் கல்யாணமானபோது இணைச்சீரில் நான்தான் நின்றேன். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தான், மறுமுனை என் கையில். பெண் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்காதான், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அப்போது அவனுக்கு வேர்த்து ஊற்றியது, கக்கத்து ஈரம் சேலையில் ஊறி என் கை வரைக்கும் வந்தது, ஏன்டா இப்படி நடுங்கற என்று நான் காதோடு கேட்டேன், பசிக்குதுக்கா என்றான். பசி. அவனுக்கு எப்போதும் பசிதான். இப்போது அவன் வயிறு மட்டும் நீர் கோத்துப் பெரிதாக நிற்கிறது, கையும் காலும் வற்றிப்போய் முழங்கை எலும்பு குத்துகிறது. எனக்குக் குறை, குறை என்கிற அதே ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தின்னு, தின்னு என்கிறார்கள். உடம்பில் கொஞ்சமாவது சதை இருந்தால்தான் ஆபரேசனைத் தாங்குவானாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது உள்ளே போக வேண்டும், ராத்திரி படுக்கப் போகும்போதுகூடப் போக வேண்டும். அவனால் முடியவில்லை. வாசனை பட்டாலே குமட்டுகிறது அவனுக்கு. இங்கே எனக்கு வாசனையைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை தலையில். கீழே புரோட்டாக் கல் சூடாகிவிட்டது, எண்ணெய் விட்டுவிட்டான், முதல் புரோட்டாவைப் போட்டுவிட்டான், எல்லாம் மூக்குக்குத் தெரிகிறது. இருபதாவது சுற்றா இது. இல்லை, தெரியவில்லை. பதினெட்டு.

அப்போதுதான் மாராத்தாள் மேலே வந்தாள். அடுப்படியில் எனக்கு அடுத்தபடியாக எல்லாம் அவள்தான், எல்லாம் செய்வாள், ருசி மட்டும் பார்க்க மாட்டாள், தன் நாக்கு மேல் அவளுக்கு நம்பிக்கையில்லை. கையில் கரண்டி, கரண்டியில் சால்னா, அது சிந்தாமல் இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டு படியேறி வந்திருக்கிறாள். "அக்கோவ், உப்பு சித்த பாத்துச் சொல்லுங்க்கா. எச்சாப் போயிருச்சோன்னு இருக்குது." நான் நடையை நிறுத்தவில்லை. வளைவில் திரும்பிக்கொண்டே வலது கையைக் குழித்து நீட்டினேன், அவள் ஊற்றினாள், நான் வாயில் விட்டுக்கொண்டேன், நாக்கை மேலண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது. தேங்காய் பத்தலை. இன்னொரு மூடி அரைச்சு ஊத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிப் போடு." "ஆகட்டுங்க்கா." அவள் இறங்கிப் போனாள். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எட்டின் இடுப்பைத் தாண்டி மேல் வட்டத்துக்குள் போனேன். சப்பையான அந்த வளைவில் போய்த் திரும்பும்போதுதான் தொண்டையில் காரம் மெல்ல இறங்குவது தெரிந்தது. நான் என்ன செய்தேன் இப்போது. நின்றுவிட்டேன். நடுவில் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண், நின்றுவிட்டேன்.

இல்லை, அது சாப்பிட்டதாகுமா. ருசி பார்த்தது. ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது, எந்த சமையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள். கிருத்திகை விரதத்தன்றுகூட நான் ருசி பார்ப்பேன், பார்க்காமல் மெஸ் நடத்த முடியுமா, முருகன் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு உள்ளங்கை. அதிகாலையில் சாம்பார் இறக்குமுன் ஒரு உள்ளங்கை, பருப்பு வெந்த வாசம் போயிற்றா என்று பார்க்க இன்னொன்று. தேங்காய்ச் சட்னி, அது வெறும் கொழுப்பு என்று அந்தப் பெண் தனியாகக் கோடு போட்டுச் சொன்னாள், அதில் ஒன்று, தாளித்த பிறகு ஒன்று. பொங்கல் போடுகிற அன்றைக்கு நெய் போதுமா என்று. கேசரி பதம் வந்துவிட்டதா என்று விரலில் வழித்து. மத்தியானத்துக்குக் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பாயசம். சாயங்காலம் சால்னா. நடுவில் மாராத்தாள் எத்தனை தடவை கரண்டியைக் கொண்டுவருகிறாள், நான் எத்தனை தடவை கையை நீட்டுகிறேன், கணக்கே கிடையாது. காலையிலிருந்து ராத்திரி வரை அத்தனை உள்ளங்கையையும் ஒரு போசியில் ஊற்றி வைத்தால் எவ்வளவு வரும். ஒரு ஆள் சாப்பாடு வரும். இன்னொரு ஆள். நான் கூழைக் குடித்துவிட்டு, எண்ணெயில்லாத சப்பாத்தியை மென்றுவிட்டு, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு இந்த எட்டில் சுற்றுகிறேன், எனக்குள்ளேயே இன்னொருத்தி உட்கார்ந்து மூன்று வேளையும் மூக்கு முட்டத் தின்றுகொண்டிருக்கிறாள். பிஸ்கட் மாதிரி எதுவும் எடுத்துக்கறது இல்லையே என்றாளே, இல்லை என்று அடித்துச் சொன்னேனே, எவ்வளவு கோபம் வந்தது எனக்கு. அவள் ருசி பார்ப்பீங்களா என்று கேட்டிருக்கக் கூடாதா. அவளுக்கு எப்படித் தெரியும், சமைக்கிற வீட்டுப் பிள்ளையாகத் தெரியவில்லை. எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலா இருந்தது. நின்று யோசி சுலோச்சனா, நிஜமாகவே தெரியாதா. இங்கிருந்து இங்கே வரை என்று டாக்டர் விரலால் கோடு போட்டபோது வயிறு சில்லென்று ஆனது, அந்த வயிறுதான் கையை நீட்டச் சொன்னதா. கொழுப்பு இறங்காவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, பாவம் அவ எவ்வளவு நடந்தா என்பார்கள், கத்தியும் வராது, பெயரும் கெடாது. ஐயோ. அப்படி இல்லை. அப்படி இல்லை என்று யாரிடம் நிரூபிப்பது. எனக்கே தெரியவில்லை. பயம் இருந்தது, ருசி பார்த்ததும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் முடிச்சு உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நட. நடந்துகொண்டே யோசி. இப்போது யோசித்து என்ன, விடிந்தால் ஸ்கேன். இத்தனை நாள் சேர்த்ததை ஒரு ராத்திரியில் எட்டுப் போட்டுக் கரைக்க முடியுமா. விடிய விடிய நடந்தாலும் எங்கே போய்ச் சேருவேன், எந்த ஊர் வரைக்கும் நடந்தால் அந்தப் போசி காலியாகும். கால் பாட்டுக்குப் போகிறது. இடுப்பு, வளைவு, இடுப்பு, வளைவு. அழுகை வருகிறது, அழுதால் எவ்வளவு குறையும் என்று ஒரு நினைப்பு வருகிறது, சீ.

போன் அடிக்கிறது. லோகு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன்தான் கூப்பிடுவான், இரண்டு பேரும் அன்றைய கணக்கை ஒப்பிப்போம், நான் என்ன சாப்பிடவில்லை என்பதை, அவன் என்ன சாப்பிட்டான் என்பதை. "என்னக்கா, நடந்துட்டிருக்கியா? மூச்சு வாங்குது." "ஆமாடா. நீ சொல்லு, ஏதாச்சும் உள்ள போச்சா?" "போச்சுக்கா. இட்லி ரெண்டு, முழுசா. அப்பறம் அந்தப் பவுடர் கரைச்சது ஒரு டம்ளர். கோமதியவே கேட்டுக்க." குரலில் பெருமை, முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. "நீ என்னக்கா உண்ட?" இதோ கேட்டுவிட்டான். சொல்லிவிட வேண்டும். தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு, நாளைக்கு ஸ்கேன் வேண்டாம், இன்னும் ஒரு மாசம் கொடுக்கச் சொல்லு, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன், மெஸ்ஸையே மூடிப்போடுகிறேன். ஒரு மாசம். அவனிடம் ஒரு மாசம் கேட்கிறேன் பார், யாரிடம் எதைக் கேட்பது என்று இல்லை. "கூழு. அப்பறம் சோறு கொஞ்சூண்டு. அதேதான்டா, வேறென்ன" என்கிறது என் வாய். "எனக்காவ இப்படிப் பட்டினி கெடக்கறியேக்கா. ஊருக்கே சோறு போடற கையி." மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, பேசினாலே அவனுக்கும் திணறுகிறது, அவன் நடக்கவில்லை, படுத்திருக்கிறான். "நாளைக்குச் சரியா வந்துரும்க்கா. எனக்குத் தெரியும். நீ ஒரு காரியத்தை எடுத்தா முடிக்காம விட மாட்ட." "ஆமாடா" என்கிறேன். "வெச்சு முடிச்சதும் மொத வேலையா உன் மெஸ்ஸுக்குத்தான் வாரேன், நீ எனக்கு முன்னால உக்காந்து நல்லா ஒரு புடி புடிக்கோணும், நான் பாக்கோணும்." "வாடா. வா." "அக்கா, இரு, போனைக் கோமதி கேக்கறா" என்கிறான், அதற்குள் என்னவோ விழுகிற சத்தம், கட்டில் கிரீச்சிடுகிறது, தூரத்தில் அவன் இருமுகிறான், இருமல் இல்லை அது. கோமதி போனை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள் போல, மெதுவாகப் பேசுகிறாள். என்னை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "நங்கை, ரெண்டு இட்லின்னு சொன்னாரில்ல, அரை இட்லிதானுங்க. அதுவும் இப்ப அத்தனையும் வெளிய வந்துருச்சு. உங்ககிட்டச் சொன்னா நீங்க மனசு விட்டுருவீங்கன்னு தெனமும் இப்படித்தான் கூட்டிச் சொல்றாரு. நாளைக்கு மட்டும் சரியா வல்லைன்னா அப்பறம் தாமதிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. சரியா வந்துருமில்லீங்க நங்கை?" வரும் கண்ணு, நீ போய் அவனைப் பாரு என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான். இரண்டு பேரும் எத்தனை நாளாக ஒருத்தருக்கொருத்தர் பொய்க்கணக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம், அவனாவது தெரிந்து சொன்னான்.

கீழேயிருந்து நாச்சிமுத்து கூப்பிடுகிறார். "ஏம்புள்ள, போதும் எறங்கி வா, வெடிகாலம் கெளம்போணும்." வாரேனுங்க என்கிறேன். எட்டைவிட்டு வெளியே வந்து தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போகிறேன், இங்கே கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. இன்றைக்குப் போனதையாவது வெளியே எடுத்துவிடலாம், ஒரு உள்ளங்கையாவது, அந்த சால்னாவையாவது. குனிந்து விரலைத் தொண்டைக்குள் விடுகிறேன். உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது. இன்னும் ஆழமாக விடுகிறேன், நகம் குத்துகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, மூக்கில் வழிகிறது, உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போடுகிறது, அவ்வளவுதான். பெருந்துறையில் என் தம்பி போகாதே போகாதே என்று வாயைப் பொத்திக்கொண்டிருப்பான், அவனுக்கு நிற்கவில்லை. நான் இங்கே வா, வா என்று குனிந்து நிற்கிறேன். ஒன்றும் வரவில்லை.